கொலுசு வேலைக் கணக்கில் 'சரி', 'கேட்கணும்', 'வரவில்லை' என்று ஷீட்டே எழுத: படிப்படியான வழிகாட்டி

வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பதும், கொலுசாகத் திரும்பி வந்ததை எடை போட்டு வாங்குவதும் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் அன்றாட வேலை. அந்தக் கணக்கு நோட்டிலிருந்து எக்செலுக்கு வந்த பிறகும், பல கடைகளில் கடைசிக் கட்டத்தை மட்டும் இன்னும் ஆள் உட்கார்ந்துதான் நிரப்புகிறார். இரண்டு எடையையும் பார்த்து, மனக்கணக்குப் போட்டு, 'சரி' என்றோ 'கேட்கணும்' என்றோ கையால் அடிக்கிறார். நூறு வரிசையில் இரண்டு தவறினாலும் போவது வெள்ளி. இந்த வேலையை ஷீட்டிடமே விட்டுவிடலாம். அதற்கு நிபந்தனை ஃபார்முலா ஒன்று போதும்; ஆனால் அது தவறான பதிலைக் கூட அதே தெம்போடு எழுதிவைக்கும். அதனால் எங்கே ஏமாறுவோம் என்பதையே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

ஒரு குறிப்பு. ஃபார்முலாக்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஃபார்முலாவின் பெயரும் நெடுவரிசையின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். 'இஃப்' என்றால் ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்து. 'சி2' என்றால் சி நெடுவரிசையில் இரண்டாவது வரிசையில் உள்ள செல் (கட்டம்). மேற்கோளுக்குள் இருக்கும் சொல் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை நோட்டு, கடைசி ஒரு மாதத்துச் சீட்டுகள், பட்டறைக்காரர்களிடம் பேசிவைத்த சேதார அளவு, வேலை முடித்துத் தர வேண்டிய நாள் கணக்கு. இவை இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள். முக்கியமாகச் சேதாரம்: "சுமார் ரெண்டு" என்பதை ஷீட்டுக்குச் சொல்ல முடியாது. சரியாக 2 சதவீதம் வந்தால் அது சரியா, கேட்க வேண்டியதா என்பதை முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் ஃபார்முலாவில் '>' போடுவதா '>=' போடுவதா என்று முடிவாகும்; முதலாவது 'விடப் பெரியது', அடுத்தது 'பெரியது அல்லது சமம்'.

செலவு எதுவும் இல்லை. ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் ஷீட்ஸ் இலவசம். லிப்ரே ஆபிஸும் இலவசம். கடையில் பழைய எக்செல் இருந்தால் அதுவே போதும். கீழே வரும் ஃபார்முலாக்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் புதிய பதிப்பு வேண்டும், அதை அந்த இடத்தில் சொல்கிறேன். நேரம்: அமைக்க ஒன்றரை மணி, சோதிக்க அரை மணி. சோதிக்கும் அரை மணியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2. ஷீட்டை அமைப்பது

முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ - கொடுத்த தேதி, பி - பெயர், சி - கொடுத்த எடை, டி - வந்த எடை, இ - குறைந்த சதவீதம், எஃப் - நிலை. டி-யில் போடுவது கொலுசின் எடை மட்டுமில்லை. கூடவே திருப்பித் தந்த துண்டு, தூள் எல்லாம் சேர்த்த எடை.

கொஞ்சம் தள்ளி, ஜே1-இல் 'சேதார வரம்பு' என்று எழுதி கே1-இல் 2 போடுங்கள். ஜே2-இல் 'பெரிய குறை', கே2-இல் 4. ஜே3-இல் 'கெடு நாள்', கே3-இல் 10. இவை உதாரண எண்கள்தான்; உங்கள் பேச்சு எதுவோ அதைப் போடுங்கள். வரம்பை ஃபார்முலாவுக்குள் எழுதாமல் வெளியே தனிச் செல்லில் வைப்பது இந்த முழு வேலைக்கும் அடித்தளம். நாளைக்குச் சேதாரம் இரண்டிலிருந்து இரண்டரை ஆனால் ஒரு செல்லை மாற்றினால் போதும். உள்ளே புதைத்துவைத்தால் முந்நூறு ஃபார்முலாவையும் திருத்த வேண்டும். அதில் நாலு விட்டுப்போகும்.

எடைச் செல்லில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். '487 கி' என்று அடித்தால் ஷீட்டுக்கு அது எண் இல்லை, எழுத்து. கழித்தல் போட்டால் '#வேல்யூ!' என்று கத்தும். அதுகூட நல்லது, தெரிந்துவிடும். ஒப்பிடும்போது கத்தாது. எக்செல் கணக்கில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே '487 கி' என்பது 500-ஐவிடப் பெரியது என்றே அது பதில் சொல்லும். பக்கத்தில் 'கிராம்' என்று தெரிய வேண்டுமானால், செல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+1 அழுத்தி, 'கஸ்டம்' பகுதியில் இப்படிப் போடுங்கள்:

0.000" கிராம்"

பார்வைக்கு கிராம் தெரியும், உள்ளே எண் மட்டும் இருக்கும். வாட்ஸாப்பிலிருந்தோ பில்லிங் மென்பொருளிலிருந்தோ ஒட்டிய எண்களை ஒருமுறை பாருங்கள். செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் நின்றால் எண். யாராவது நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்த அடையாளம் தெரியாது, அதனால் எடைச் செல்களை நடுவில் நிறுத்தாதீர்கள்.

3. முதல் ஃபார்முலா

'இஃப்' மூன்று பகுதி கேட்கும்: நிபந்தனை, அது உண்மையானால் காட்ட வேண்டியது, பொய்யானால் காட்ட வேண்டியது. நடுவில் காற்புள்ளி. முதலில் இ2-வில் சதவீதம்:

=ரவுண்ட்((சி2-டி2)/சி2*100,2)

'ரவுண்ட்' ஏன் என்றால், வகுத்துப் பெருக்கும்போது கணினிக்குள் பின்னத்தின் வாலில் சிறு பிசிறு ஒட்டும். சரியாக 2 வர வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் 2-ஐவிட ஒரு துளி கூடினால், நியாயமாக வேலை செய்தவர் பெயருக்கு நேரே 'கேட்கணும்' விழும். இரண்டு தசமத்தோடு வெட்டிவிட்டால் அந்த வம்பு இல்லை.

அடுத்து எஃப்2-வில்:

=இஃப்(இ2>$கே$1,"கேட்கணும்","சரி")

சொல்லைச் சுற்றி இரட்டை மேற்கோள் கட்டாயம். விட்டால் '#நேம்?' என்று வரும். மேற்கோள் நேராக நிற்கும் வகையாக இருக்க வேண்டும். வேர்டிலிருந்தோ வாட்ஸாப்பிலிருந்தோ ஃபார்முலாவை நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் வந்துவிடும், ஷீட் அதை ஏற்காது. ஐபோனில் அடிப்பவர்கள் கீபோர்டு அமைப்பில் 'ஸ்மார்ட் பங்க்சுவேஷன்' என்பதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது பகுதியை எழுதாமல் விட்டால், நிபந்தனை பொய்யாகும் இடத்தில் எல்லாம் 'ஃபால்ஸ்' என்று வரும். எதுவும் காட்ட வேண்டாம் என்றால் "" என்று வெறும் மேற்கோள் இரண்டு போடுங்கள்.

எண்ணுக்கு மேற்கோள் போடாதீர்கள். "250" என்று காட்டச் சொன்னால் அது எழுத்தாகிவிடும். கீழே 'சம்' போடும்போது கூட்டலில் சேராது, சேரவில்லை என்று சொல்லவும் செய்யாது.

4. வேலை இன்னும் வரவில்லை என்றால்

டி2 காலியாக இருந்தால் ஷீட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். 500 கிராம் கொடுத்து இன்னும் வராத வேலைக்கு 100 சதவீதம் குறை என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் 'கேட்கணும்' என்று எழுதும். காலிச் செல்லை முதலில் கவனிக்கச் சொல்லுங்கள். இ2:

=இஃப்(டி2="","",ரவுண்ட்((சி2-டி2)/சி2*100,2))

எஃப்2:

=இஃப்(சி2="","",இஃப்(டி2="","வரவில்லை",இஃப்(இ2>$கே$1,"கேட்கணும்","சரி")))

வெள்ளியே கொடுக்காத வரிசை வெறுமையாக இருக்கும். கொடுத்து வராதது 'வரவில்லை'. இந்த வரிசைமுறையை மாற்றாதீர்கள். இ2-வில் இப்போது இருப்பது வெறும் மேற்கோள், அதாவது எழுத்து. எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்று மேலே பார்த்தோம். டி2-வைச் சோதிக்கும் முன் இ2-வைச் சோதித்தால், வராத வேலை எல்லாம் திரும்பவும் 'கேட்கணும்' ஆகிவிடும்.

5. நான்கைந்து பதில் வேண்டும்போது

பெரிய குறையைத் தனியாகக் காட்ட வேண்டும். எடை கூடி வருவதையும் காட்ட வேண்டும்; ஒட்டவைக்கும் பற்றாசும் மணியும் சேரும்போது கொடுத்ததைவிட எடை ஏறும். அதை 'சரி' என்று விட்டால் வெள்ளிக்கணக்கு தப்பிவிடும்.

=இஃப்(சி2="","",இஃப்(டி2="","வரவில்லை",இஃப்(இ2<0,"எடை கூடுதல்",இஃப்(இ2>$கே$2,"பெரிய குறை",இஃப்(இ2>$கே$1,"கேட்கணும்","சரி")))))

திறந்த அடைப்பு ஐந்து, மூடியதும் ஐந்து. ஷீட் இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் உண்மையானதோடு நின்றுவிடும். அதனால் பெரிய வரம்பு முன்னால் வர வேண்டும். 2-ஐ முதலில் வைத்தால், 4.4 சதவீதக் குறையும் 2-ஐவிடப் பெரியதுதானே என்று 'கேட்கணும்' எழுதிவிட்டு நிற்கும்; 'பெரிய குறை' என்ற சொல் அந்த ஷீட்டில் ஒருநாளும் தோன்றாது.

எக்செல் 2019-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் கூகுள் ஷீட்ஸிலும் 'இஃப்ஸ்' (ஐ, எஃப், எஸ்) இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று வைக்காமல் நிபந்தனை, சொல், நிபந்தனை, சொல் என்று அடுக்கலாம். கடைசியில் 'ட்ரூ' என்று நிபந்தனை போட்டு அதற்கு "சரி" எழுத வேண்டும். இல்லாவிட்டால் எதிலும் சேராத வரிசைக்கு '#என்/ஏ' வரும். ஆடிட்டர் அலுவலகத்தில் எக்செல் 2016 இருந்தால் அங்கே இது வேலை செய்யாது. ஷீட் வெளியே போகும் என்றால் பழைய 'இஃப்' அடுக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, பள்ளிக்கூடக் கணக்குப்போல 2<இ2<4 என்று எழுதத் தோன்றும். பிழை வராது, எக்செலில் பதில் எப்போதும் பொய் என்றே வரும். இப்படி எழுதுங்கள்:

=இஃப்(அண்ட்(இ2>2,இ2<4),"நடுவில்","")

'அண்ட்' என்பது ஏ, என், டி. 'இதுவோ அதுவோ' என்றால் 'ஆர்', அதாவது ஓ, ஆர். அதற்குள்ளும் ஒவ்வொரு நிபந்தனையையும் முழுதாக எழுத வேண்டும்: ஆர்(பி2="முருகன்",பி2="செல்வம்"). இரண்டாவது இடத்தில் வெறும் "செல்வம்" போட்டால் '#வேல்யூ!' தான்.

இப்போது சோதனை. சி-யில் எல்லாவற்றுக்கும் 500 போட்டு, டி-யில் ஒவ்வொன்றாக 492, 490, 487, 478, 503, காலி என்று கொடுங்கள். வர வேண்டியது: சரி (1.6), சரி (2), கேட்கணும் (2.6), பெரிய குறை (4.4), எடை கூடுதல் (-0.6), வரவில்லை. ஆறும் பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 490 முக்கியம்; வரம்பில் சரியாக நிற்கும் எண்ணில்தான் '>' குறியும் '>=' குறியும் வேறுபடும்.

6. கீழே இழுத்து நிரப்புவது

இ2, எஃப்2 இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை இருமுறை சொடுக்கினால் தரவு இருக்கும் வரிசை வரை நிரம்பும். கே1-ஐச் சுற்றி ஏன் டாலர் குறி என்பது இங்கேதான் புரியும். டாலர் இல்லாவிட்டால் அடுத்த வரிசைக்கு அது கே2 ஆகும், அதற்கடுத்து கே3, பிறகு காலிச் செல். இரண்டாவது வரிசைக்கு வரம்பு 2, மூன்றாவதற்கு 4, நான்காவதற்குக் கெடு நாளான 10, ஐந்தாவதிலிருந்து பூஜ்யம். முதல் வரிசை சரியாக வந்ததைப் பார்த்து நம்பிவிடுவோம். ஃபார்முலாவில் கே1 மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் டாலர் தானாக விழும். சில லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டும்.

பதில் வராமல் ஃபார்முலாவே செல்லில் தெரிந்தால், அந்தச் செல் 'டெக்ஸ்ட்' வடிவில் இருக்கிறது. 'ஜெனரல்' ஆக்கி, எஃப்2 கீயை அழுத்தி என்டர் தட்டுங்கள்.

7. கெடு தாண்டியதைக் காட்ட

எஃப்-இல் உள்ளதை அழிக்காமல், காலியாக உள்ள ஐ நெடுவரிசையில், ஐ2-வில்:

=இஃப்(சி2="","",இஃப்(டி2<>"","",இஃப்(டுடே()-ஏ2>$கே$3,"கெடு தாண்டி "&டுடே()-ஏ2-$கே$3&" நாள்","")))

'&' குறி எழுத்தையும் எண்ணையும் ஒட்டும். மேற்கோளுக்குள் 'தாண்டி'க்குப் பின்னும் 'நாள்' முன்னும் ஓர் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். ஷீட் தானாக விடாது. 'டுடே' ஒவ்வொரு நாளும் மாறும், அதனால் கொடுத்த தேதியைப் பதிய அதைப் பயன்படுத்தவே கூடாது. இன்றைய தேதி நிலையாக விழ, கன்ட்ரோலோடு அரைப்புள்ளி (;) அழுத்துங்கள்.

தேதியை வாக்கியத்தில் ஒட்டினால் 15-08-2025 என்பது 45884 என்று தெரியும். ஷீட் தேதியை நாள் எண்ணிக்கையாக வைத்திருப்பதுதான் காரணம். டெக்ஸ்ட்(ஏ2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்") என்று போட்டால் சரியாகும். அந்த மேற்கோளுக்குள் இருப்பதும் ஆங்கில எழுத்தே. ரூபாயை ஒட்டும்போதும் இதே கதை: 125000 காற்புள்ளி இல்லாமல் வரும். தொகை எம்2-வில் இருந்தால், லட்சக் கணக்கில் 1,25,000 என்று வர:

டெக்ஸ்ட்(எம்2,"[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0")

8. வகைக்கு வகை சேதாரம் மாறினால்

சங்கிலிக் கொலுசுக்கும் சலங்கைக் கொலுசுக்கும் ஒரே வரம்பு வைக்க முடியாது. அதற்காக இன்னும் நாலு 'இஃப்' சேர்க்காதீர்கள். ஜே6 முதல் ஜே10 வரை வகைப் பெயர், கே6 முதல் கே10 வரை அதன் வரம்பு. ஜி நெடுவரிசையில் வகை, எச்-இல்:

=விலுக்அப்(ஜி2,$ஜே$6:$கே$10,2,ஃபால்ஸ்)

வி-யோடு 'லுக்அப்' சேர்த்து ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். பிறகு எஃப்2-வில் $கே$1 இருந்த இடத்தில் எச்2. கடைசியில் உள்ள 'ஃபால்ஸ்' விட்டுப்போனால் ஷீட் தோராயமாகப் பொருத்தும். வேறு வகையின் வரம்பை எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும்.

பட்டியலில் இல்லாத வகைக்கு '#என்/ஏ' வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்று 'இஃப்எரர்' போட்டு "வகை இல்லை" என்று காட்டச் சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். எச்2-வில் எழுத்து வந்துவிட்டால், எந்த எண்ணும் அதைவிடச் சிறியது. எனவே குறை 3 இருந்தாலும் நிலை 'சரி' என்று வரும். வரம்புச் செல்லில் பிழை தெரிவதே பாதுகாப்பு. அதைப் பார்த்துத்தான் வகைப் பெயரைத் திருத்துவீர்கள்.

9. தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஷீட்டுக்கு ஒன்றாக இருக்காது. 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு அடித்ததும், 'கெளரி' என்று ஒற்றைக் கொம்பும் 'ள'வும் வைத்து அடித்ததும் வேறு வேறு சொல். 'சலங்கை'க்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அது வேறு சொல். பழைய கோப்புகளில் பாமினி எழுத்துரு இருந்தால் இன்னும் மோசம்: அங்கே திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோட் தமிழில் எழுதிய நிபந்தனையோடு அது ஒருபோதும் பொருந்தாது; முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

பெயரையும் வகையையும் கையால் அடிக்கவே விடாதீர்கள். 'டேட்டா' மெனுவில் 'டேட்டா வேலிடேஷன்', அதில் 'லிஸ்ட்' தேர்ந்து, பட்டியல் இருக்கும் செல்களைக் காட்டுங்கள். அதன் பிறகு சொடுக்கித் தேர்வதுதான், அடிப்பது இல்லை.

ஃபார்முலா நடுவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி அடிப்பது சிரமமாக இருந்தால் (விண்டோஸில் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்), 'சரி', 'கேட்கணும்' போன்ற சொற்களையும் எல்1 முதல் எல்5 வரை எழுதிவைத்து, மேற்கோளுக்குப் பதில் $எல்$1 என்று குறிப்பிடுங்கள். முதலாளி 'கேட்கணும்' வேண்டாம், 'விசாரி' என்று போடு என்றால் ஒரு செல்லை மாற்றினால் முடிந்தது.

10. எண்ணை வைத்துக்கொண்டே சொல்லைக் காட்ட

ஏற்காட்டில் மிளகு வாங்கும் கடைக்கு இது இன்னும் பொருத்தம். ஈரப்பதம் 11.4 என்ற எண்ணும் தெரிய வேண்டும், காய்ந்ததா என்றும் தெரிய வேண்டும். ஃபார்முலாவே வேண்டாம், கன்ட்ரோல்+1, 'கஸ்டம்':

[>12]0.0" காயணும்";0.0" சரி"

செல்லுக்குள் எண் அப்படியே இருக்கும், சராசரி எடுக்கலாம். காலிச் செல்லில் எதுவும் தெரியாது. ஆனால் 'காயணும்' எத்தனை என்று சொல்லைத் தேடி எண்ண முடியாது, அங்கே அந்தச் சொல்லே இல்லை. 12-க்கு மேல் எத்தனை என்றுதான் எண்ண வேண்டும்.

11. பூட்டி வைப்பது

அவசரத்தில் யாராவது எஃப் நெடுவரிசையில் கையால் 'சரி' என்று அடித்தால் அந்த இடத்தில் ஃபார்முலா போய்விடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எக்செலில் எல்லாச் செல்லும் ஏற்கெனவே 'லாக்டு' நிலையில்தான் இருக்கும். எனவே முதலில் ஏ முதல் டி வரையும் ஜி-யையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+1, 'புரொடெக்ஷன்' பகுதியில் 'லாக்டு' டிக்கை எடுங்கள். அப்புறம் 'ரிவ்யூ' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்'. வரிசையை மாற்றிச் செய்தால் எடையைக்கூட அடிக்க முடியாது. கூகுள் ஷீட்ஸில் 'டேட்டா' மெனுவில் இதற்குத் தனி வசதி உண்டு.

ஆடிட்டர் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கேட்டால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்து சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சிஎஸ்வியில் ஃபார்முலா தங்காது, அன்றைய பதில் மட்டும்தான் போகும். எனவே மூலக் கோப்பின் மேலேயே அதைச் சேமிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள்.